அப்டேட்டுக்குப் பிறகு சிஸ்டம் நின்றால் உடனே ஃபார்மட் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தாலுகா ஆபீஸ் எதிரில் பதினான்கு வருஷமாக டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் லேப்டாப்பை மஞ்சள் பையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். ராத்திரி அப்டேட் ஓடியிருக்கிறது, காலையில் ஆன் செய்தால் கம்பெனி முத்திரை வருவதும் அணைவதுமாக இருந்திருக்கிறது. ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தார். "ஓஎஸ் போயிடுச்சு சார்" என்று, அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸே கெட்டுவிட்டது என்று சொல்லி, ஃபார்மட் போட்டு, அதாவது உள்ளே இருந்ததை முழுக்க அழித்து, கொடுத்துவிட்டார்கள். மெஷின் இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் டெஸ்க்டாப்பில் இருந்த ஃபோல்டர் போய்விட்டது. ஊர் ஊராகப் போய்ப் பாட்டிமார்களிடம் கேட்டு டைப் செய்த தாலாட்டும் ஒப்பாரியும் அதில் இருநூறுக்கு மேல் இருந்தன. "உள்ளே எங்கேயாவது இருக்குமா தம்பி?" என்று கேட்டார். ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு ஒரு பகல் முழுக்கத் தேடினேன். எஸ்எஸ்டி என்கிற புது வகை டிஸ்க்கில் ஃபார்மட் போட்டுப் புதிதாக ஓஎஸ்ஸும் ஏற்றிவிட்டால் பழையது கிடைப்பது அபூர்வம். பதினோரு ஃபைல் கிடைத்தது, திறந்து பார்த்தால் எழுத்தே இல்லை, வெறும் கட்டம் கட்டமாக வந்தது. பாடிக் கொடுத்தவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லையாம்.

அந்த ஃபார்மட் தேவையே இருந்திருக்காது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்டேட்டுக்குப் பிறகு சிஸ்டம் நின்றுபோனால் உங்கள் ஃபைல்கள் போய்விட்டன என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் புதிதாக வந்த ஏதோ ஒன்றும் ஏற்கெனவே இருந்த டிரைவரோ (பிரிண்டர், திரை போன்றவற்றை இயக்கும் மென்பொருள்) ஆன்டிவைரஸோ ஒத்துப்போகாமல் சிஸ்டம் எழுந்திருக்க முடியாமல் கிடக்கும், அவ்வளவுதான். 2024 ஜூலை 19 பலருக்கு நினைவிருக்கும். அது விண்டோஸ் அப்டேட் அல்ல, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட். உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் பிழை காட்டும் நீலத்திரையில் நின்றன, நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு மருந்து என்ன? அவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் எழும் சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை அழிப்பது. அத்தனை பெரிய விபத்துக்கே அது போதுமாக இருந்தது.

2021 மார்ச்சில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டும் அப்படித்தான். சில வகை பிரிண்டர்களுக்குப் பிரிண்ட் கொடுத்தவுடனே நீலத்திரை வந்தது. ஒரு வாரத்துக்குள் மைக்ரோசாஃப்ட்டே திருத்தம் வெளியிட்டது. அதுவரை அந்த அப்டேட்டை மட்டும் நீக்கியவர்களுக்கு வேலை ஓடியது.

சரி, என்ன செய்வது? முதலில் திரையில் வரும் பிழைக் குறியீட்டை மொபைலில் படம் பிடியுங்கள். விண்டோஸ் 11-ல் அந்தத் திரை இப்போது கறுப்பாக வருகிறது, பயப்பட வேண்டாம். பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். அப்டேட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால், கை வைக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது விடுங்கள். அப்போதும் எழவில்லை என்றால், முத்திரை வரும் நேரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் அதுவே ரிப்பேர் திரைக்குப் போய்விடும். அங்கே ட்ரபிள்ஷூட், அப்புறம் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். கடைசியாக வந்த அப்டேட்டை அங்கேயே நீக்கலாம், ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. அதே இடத்தில் ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் வழியாக சேஃப் மோடுக்கும் போகலாம். ஆசிரியர் வந்துபோன அதே வாரம் என் கடை மெஷின் ஒன்றும் இதேபோல நின்றது. சேஃப் மோடில் போய் டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே டிரைவரை ரோல் பேக் செய்தேன், அதாவது பழைய பதிப்புக்கே திருப்பினேன், டீ ஆறுவதற்குள் எழுந்துவிட்டது.

எழுந்த பிறகும் அடிக்கடி நின்றால், ரிலையபிலிட்டி மானிட்டர் என்று தேடித் திறந்து பாருங்கள். எந்த நாளில் எது நின்றது என்று சிவப்புக் குறியோடு வரிசையாகக் காட்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால் பலர் 11-க்கு மாறுகிறார்கள். மாறியபின் ஒத்துவரவில்லை என்றால் பொதுவாக 10 நாளுக்குள் செட்டிங்ஸில் ரிக்கவரி பகுதிக்குப் போய்ப் பழையதற்கே திரும்பலாம், ஆனால் அதற்குள் டிஸ்க் இடத்துக்காக விண்டோஸ் டாட் ஓல்டு என்ற ஃபோல்டரை அழித்துவிடக் கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்போது வரும் லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தாலே பல சமயம் டிரைவ் தானாகப் பூட்டிக்கொள்கிறது. சேஃப் மோடுக்குப் போகும்போதோ பழுது பார்க்கும்போதோ பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டின் 48 இலக்க சாவியைக் கேட்கும். அது இல்லாமல் டிரைவைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை. சாவி அந்தக் கணக்கிலேயே சேமிப்பில் இருக்கும். மெஷின் நன்றாக இருக்கும்போதே, இன்றைக்கே, மொபைலில் அந்தக் கணக்கைத் திறந்து சாவியைப் பார்த்து ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தது யார், பாஸ்வேர்டு என்ன என்றே தெரியாமல் வருபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்டேட்டே வராத மாதிரி நிறுத்திக் கொடுங்க" என்று யாரும் கேட்காதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகத்தையே ஆட்டியபோது அதற்கான தடுப்பு மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். மாதாந்தர அப்டேட் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வருகிறது, நம் நேரப்படி இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. கணக்கு முடிக்கும் வாரம், பரீட்சை வாரம் என்றால் செட்டிங்ஸில் அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்தி (Pause) வையுங்கள், போதும். அதற்குள் முக்கியமான ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துவிடலாம்.

சர்வீஸ் கடை வைத்திருக்கும் சகோதரர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஃபார்மட் போட அரை மணி நேரம், டேட்டாவைக் காப்பாற்ற அரை நாள், கூலி வித்தியாசம் பெரிதாக இல்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் போடுவதற்கு முன் "டெஸ்க்டாப்பில் ஏதாவது இருக்கா, டாக்குமென்ட்ஸில் ஏதாவது இருக்கா?" என்று வாடிக்கையாளரைக் கேளுங்கள், நேரம் ஆகும் என்றால் அதற்குத் தனியாகக் கூலி வாங்குங்கள், தப்பே இல்லை. என் கடைப் பில் புத்தகத்தில் இந்த மாதம் முதல் ஒரு வரி சேர்த்து அச்சடித்திருக்கிறேன்: "ஃபார்மட் போடச் சம்மதம். டேட்டா எடுக்கப்பட்டது: ஆம் / இல்லை." அதன் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. வேண்டுபவர்கள் தங்கள் புத்தகத்திலும் அப்படியே போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு டிடிபி கடைக்காரர்,
கோவில்பட்டி