எல்லோரும் உள்ளே வர ஒரு சாய்தளம்: கட்டடக் குழுவின் வேண்டுகோள்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு,

நம் ஆலய வாசலில் ஆறு படிகள். சக்கர நாற்காலியில் வரும் சகோதரி ஒருவரை ஒவ்வொரு ஞாயிறும் வாலிபர்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கித்தான் உள்ளே கொண்டுவருகிறார்கள். அன்போடுதான் தூக்குகிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர்கள் வராத வாரம் அவருக்கு ஆராதனை இல்லை. உள்ளே வந்தாலும் இடம் கடைசி பெஞ்சுக்குப் பின்னால்தான். திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து முன்னால் போய் முழங்கால்படியிடும்போது அவர் அங்கேயே காத்திருப்பார், போதகர் அப்பத்தையும் ரசத்தையும் எடுத்துக்கொண்டு கடைசியாக அவரிடம் வருவார்.

இதை மாற்றத்தான் உங்களிடம் பணம் கேட்கிறோம்.

கிருபையினால், விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டோம் என்கிறது எபேசியர் 2:8. நடக்க வேண்டும், காது கேட்க வேண்டும், கண் தெரிய வேண்டும் என்றெல்லாம் தேவன் யாரிடமும் கேட்கவில்லை, நம் கட்டடம் கேட்கிறது. வேதாகமத்தில் அப்போஸ்தலர் 8-ல் வரும் எத்தியோப்பிய மந்திரியை நினைத்துப் பாருங்கள். அவர் அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர், அப்படிப்பட்டவர் சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23-ல் இருந்தது. அப்படியிருந்தும் அவ்வளவு தூரம் பிரயாணப்பட்டு எருசலேமுக்குப் பணிந்துகொள்ள வந்தார். திரும்பும் வழியில் சுவிசேஷகனான பிலிப்பு இயேசுவைப் பற்றிச் சொன்னதும், "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று கேட்டார். முழு இருதயத்தோடு விசுவாசித்தால் தடையில்லை, அவ்வளவுதான் பதில். இருவரும் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது சாய்தளத்துக்குப் பொதுவான கணக்கு. நம் படிகளின் மொத்த உயரம் 3 அடி, ஆக 36 அடி நீளம், நடுவில் நிறுத்தி இளைப்பாற ஒரு சமதளம், இரு பக்கமும் கைப்பிடி. நீளத்தைக் குறைத்தால் செலவும் குறையுமே என்று சிலர் கேட்டார்கள். செங்குத்தாகக் கட்டினால் ஏறும்போது பின்னாலிருந்து ஒருவர் தள்ள வேண்டும், இறங்கும்போது நாற்காலி கைமீறி ஓடும், அப்படி ஒன்றைக் கட்டுவதற்குக் கட்டாமலே இருக்கலாம். அப்புறம் நடுவரிசையில் இரண்டு பெஞ்சுகளைக் குறுக்கி, நாற்காலியில் இருப்பவர் தன் குடும்பத்தோடு சேர்ந்து உட்கார இடம் விடுகிறோம். திருவிருந்து வாங்கும் இடத்தில் உள்ள ஒற்றைப் படிக்கும் சிறு சரிவு உண்டு. மீதிப் பணம் இருந்தால் பிரசங்கத்தைச் சைகை மொழியில் சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்வோம். நம்மில் காது கேளாதவர்கள் இத்தனை காலம் பிரசங்கியாரின் உதட்டைப் பார்த்தே ஆராதித்து வருகிறார்கள்.

காணிக்கைக் கவரின் மேல் 'சாய்தள நிதி' என்று எழுதிப் போடுங்கள், அல்லது பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவும் செலவும் மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் இருக்கும். கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறிக்கப் போவதில்லை, இதில் குழு உறுதியாக இருக்கிறது. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குப் பாதபடியும் கொடுக்காதீர்கள் என்று யாக்கோபு கண்டித்து எழுதியிருக்க, நன்கொடையிலேயே நாம் ஆள் பார்த்து வரிசை பிரிக்கலாமா?

பணம் கொடுக்க இயலாதவர்கள் சனிக்கிழமைகளில் மண் சுமக்க, சுவர் பூச வாருங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது வேறு ஏதாவது தேவை இருந்தால், பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகமோ பிரெய்ல் வேதாகமமோ எதுவானாலும், கான்கிரீட் போடும் முன்பே குழுவிடம் சொல்லிவிடுங்கள், திட்டத்தில் சேர்த்துக்கொள்கிறோம்.

கட்டடக் குழுவினர்