சாவி வருவதற்கு முன்

அன்புள்ள தம்பி,

சிங்கப்பூர் தெங்கா வீட்டுச் சாவி கிடைத்து மூன்று மாதத்துக்குள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்குத் (வீவக) திருமணச் சான்றிதழ் காட்ட வேண்டும். அதனால் திருமணப் பதிவை மட்டும் முடித்துக் குடியேறிவிடுகிறோம், சர்ச் கல்யாணம் அடுத்த வருஷம் ஆகட்டும் என்று எழுதியிருந்தாய். கல்யாணச் சடங்கு பைபிளில் எங்கே இருக்கிறது என்றும் கேட்டாய்.

எங்கேயும் இல்லைதான். ஈசாக்கு ரெபெக்காளைத் தன் தாயின் கூடாரத்துக்கு அழைத்துப்போனான், அவள் மனைவியானாள். ஆதியாகமம் 24இல் அவ்வளவுதான். ஆனால் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு வேதத்தை வாசிக்கக்கூடாது, ராஜா. மத்தேயு 19ஐ எடுத்துப் பார். மனைவியை விலக்கும் தள்ளுதற்சீட்டு கொடுக்க மோசே ஏன் சொன்னார் என்று பரிசேயர் இயேசுவிடம் கேட்கிறார்கள். அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லும் உபாகமம் 24ஐ மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். இயேசு அந்த வசனத்தை மறுக்கவில்லை. உங்கள் இருதயகடினத்துக்காக இடங்கொடுத்தது அது, "ஆதிமுதலாய் அப்படியிருக்கவில்லை" என்கிறார். ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களிலிருந்தே பதில் சொல்கிறார். எது சலுகை, எது தேவசித்தம் என்று பிரித்தறிய நான் அவரிடம்தான் கற்றேன்.

சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. 2024 ஜூலையிலிருந்து நம் ஊரில் இருவரும் ஒத்துக்கொண்டதையே காரணமாகக் காட்டி மணவிலக்குக் கேட்கலாம். அடி வாங்கும் பெண்ணுக்குச் சட்டத்தின் துணை கட்டாயம் வேண்டும். வசனம் காட்டி அவளைப் பொறுத்துப்போகச் சொல்வது பாவம். மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்ற வரியை மட்டும் மனப்பாடம் செய்த ஆண்களைப் பார்த்திருக்கிறேன். அதே எபேசியர் 5, சபைக்காகத் தம்மையே கொடுத்த கிறிஸ்துவைப்போல் அன்புகூரச் சொல்லிக் கணவனிடம்தான் அதிகம் கேட்கிறது. அதை நீ மனப்பாடம் செய்.

பதிவின்போது இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடுவார்கள். மல்கியா 2:14 கணவன் மனைவிக்கு நடுவே கர்த்தரே சாட்சி என்கிறது. அவர் முன்னால் வாக்குக் கொடுத்த பிறகு நீங்கள் குடித்தனம் தொடங்க வேண்டும் என்பதே அம்மாவின் ஆசை.

மண்டபமும் விருந்தும் அடுத்த வருஷமே இருக்கட்டும். நம் போதகருக்குத் திருமணப் பதிவு உரிமம் இருக்கிறது. 21 நாளுக்கு முன்பே இணையத்தில் அறிவிப்புக் கொடுத்துவிட்டால், ஒரே காலையில் சர்ச்சிலேயே வாக்குறுதியும் கையெழுத்தும் முடிந்துவிடும். திருமண ஆயத்த வகுப்பை சூமில் நடத்த முடியுமா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை அந்தப் பிள்ளைக்கும் காட்டு. அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்கே எழுதச் சொல். பெர்த்திலிருந்து எந்தத் தேதியில் வருகிறாய்?

அன்புடன்,
அம்மா