பெக்கோ வாங்கப் போகும் மகனுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மகன்,

பேலியகொடைப் பக்கம் பழைய மெஷின் விற்கும் யார்டில் 20 தொன் பெக்கோ (மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர்) ஒன்று, கொமாட்சு பிசி200, நிற்கிறது. சொன்ன விலை நியாயமா என்று கேட்டிருந்தாய். விலையை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல ஏலாது. முதலில் மெஷினை அள, பிறகு பேசு.

விடியப் போ. நீ போகும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிடு. போனதும் எஞ்சின் புளொக்கைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடு. பற்றும்போது கொஞ்சம் வெள்ளைப்புகை வரும், பரவாயில்லை. சூடேறின பிறகும் நீலப்புகை வந்தால் ஒயில் எரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயில் ஊற்றும் மூடியைத் திற. புகை ஊதித் தள்ளினால் பிஸ்டன் ரிங் போய்விட்டது.

இனி அண்டர்கரேஜ், அதாவது மெஷின் ஓடும் செயினும் அதைச் சேர்ந்த சக்கரங்களும். செயின் மெஷினுக்கு அதன் ஆயுள்கால ரிப்பேர்ச் செலவில் ஏறக்குறையப் பாதி இங்கேதான் போகும். செயினைச் சுழற்றும் பற்சக்கரமான ஸ்ப்ரொக்கெட்டின் பல் கூராகிவிட்டதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். நீ நாடா போட்டு அள. செயின் தொய்ந்து கிடந்தால் அளவு பிழைக்கும். அதனால் ஸ்ப்ரொக்கெட் பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் செயின் கண்ணிகளைக் கோக்கும் இரும்புப் பின் பழையது ஒன்றைக் கொடுத்து, மெஷினை மெதுவாகப் பின்னோக்கி எடுக்கச் சொல்லு, மேல்பக்கம் இறுகிக்கொள்ளும். மெஷினை நிறுத்தின பிறகு, செயினைக் கழற்றிப் பூட்டும் மாஸ்டர் பின்னை விட்டுத் தள்ளி, அடுத்தடுத்து ஐந்து பின்னை எண்ணி முதல் பின்னின் நடுவிலிருந்து ஐந்தாவதன் நடுவரை அள. அடுத்தடுத்த இரண்டு பின்னுக்கு இடைத்தூரம் ஒரு பிட்ச், ஆகவே அது நான்கு பிட்ச். பிசி200-க்கு ஒரு பிட்ச் புதிதில் 190.3 மி.மீ.; 194.3 வந்தால் பின்னையும் அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷையும் திருப்பவோ மாற்றவோ வேண்டும். நான்குக்கும் சேர்த்தால் 761, 777. வெறும் 16 மி.மீ. தான், அதற்குள்தான் இலட்சக்கணக்கில் காசு இருக்கிறது. 769 வந்தால் பாதி தேய்ந்தாயிற்று. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலும் கொமாட்சு ஏஜென்ட்டிடமும் இரண்டு செயினுக்கும் ஸ்ப்ரொக்கெட்டுக்கும் பூட்டுக்கூலியோடு விலை கேட்டு, அதில் பாதியை யார்டுக்காரன் சொன்ன விலையிலிருந்து கழி. இரண்டு பக்கமும் அளக்க மறக்காதே.

கையையும் செயினையும் ஒயில் அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ரோலிக்கை, ஒயில் சூடான பிறகு பார். ஒயில் குளிர்ந்து தடிப்பாக இருக்கும்போது எல்லாப் பம்பும் நல்ல பம்புதான். பக்கெட்டை மண்ணால் நிரப்பித் தூக்கி, சிலிண்டர் ராட்டில் சோக்கால் ஒரு கோடு போட்டு, எஞ்சினை நிறுத்தி 5 நிமிடம் விடு. கீழே ஒருவரும் நிற்கக்கூடாது. கோடு நன்றாக நகர்ந்தால் சிலிண்டர் சீலோ கொன்ட்ரோல் வால்வோ கசிகிறது. சீல் என்றால் சின்னச் செலவு, வால்வு அப்படியில்லை. பிறகு இரண்டு மிதியையும் முழுக்க அமத்தி நேராக ஓட்டு. ஒரு பக்கம் இழுத்தால் செயினை ஓட்டும் ட்ராவல் மோட்டரோ பம்போ தளர்ந்திருக்கிறது. கடைசியாகப் பக்கெட்டை நிலத்தில் ஊன்றி முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி இறக்கு. மேலுடம்பு கீழ்ச்சட்டத்தோடு சேருமிடத்தில் 'டக்'கென்று ஆடினால் ஸ்விங் பெயரிங் தேய்ந்திருக்கிறது. அந்த மெஷினுக்கு விலையே பேசாதே, வந்துவிடு.

மீற்றர் 6,000 மணித்தியாலம் காட்டும், மிதி ரப்பர் வழவழவென்றிருக்கும். எதை நம்புவது என்று உனக்குத் தெரியும். புதுப் பெயின்ற் மணந்தால் வெல்டிங் பிடித்த இடத்தை பூமின் (பெரிய கையின்) அடியில் தேடு.

ஜப்பானிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்லும் விலையையும் யார்டு விலையையும் அப்படியே பக்கத்தில் வைக்காதே. எஃப்ஓபி என்றால் அங்கே கப்பலில் ஏற்றும் வரைதான். சிஐஎஃப் என்றால் கொழும்புத் துறைமுகம் வரை கப்பல்கூலியும் காப்புறுதியும் சேரும். சுங்கம், வற் (பெறுமதி சேர் வரி), கிளியரிங், மெஷினை ஏற்றிவரும் லோ பெட் கூலி எல்லாம் அதற்குப் பிறகு. இந்த வகை மெஷினுக்குச் சுங்கத்தின் எச்.எஸ். குறியீடு 8429.52; அதற்கு இன்றைய வரியைக் கிளியரிங் ஆளிடம் எழுத்தில் வாங்கு. வற் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். உன் கம்பனி வற் பதிந்ததுதானே, விற்கிறவரும் பதிந்தவராக இருந்தால் வற் இன்வொயிஸ் கேள். உன் வற் கணக்கில் அதைக் கழிக்கலாம். "பில் இல்லாமல் 5 வீதம் குறைக்கிறேன்" என்பது உனக்கு நட்டக் கணக்கு.

பணம் கொடுக்க முதல் பதிவுப் புத்தகத்தை நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் சரிபார். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், மிச்சக் கடனை நீயே நேரே அந்தக் கம்பனிக்குக் கட்டி, விடுவிப்புக் கடிதத்தைக் கையில் வாங்கு. விற்கிறவன் கட்டுவான் என்று விடாதே. அப்படி லீசிங் ஓடுகிற மெஷின் ஒக்டோபர், நவம்பர் மழையில் வேலையில்லாமல் நின்றால், விலை தானாக இறங்கும். ஏலுமென்றால் அதுவரை பொறு.

போகும்போது 5 மீற்றர் நாடா, சோக், பழைய துணி, டோர்ச் எடுத்துக்கொண்டு போ. யார்டில் கேட்டால் தேடிக்கொண்டே இருப்பார்கள். அளந்த நான்கு பிட்ச் கணக்கை இரண்டு பக்கத்துக்கும் எனக்கு அனுப்பு, அதன் பிறகு விலை பேசலாம்.

அன்புடன்,
அப்பா