ஆறே ஆறு கால்சியம் அயனிகள்

ஐயா, வணக்கம்.

மூளையில் நரம்பு செல்கள் சந்திக்கும் இடங்களான சினாப்ஸ்களில் ஓடும் மூலக்கூறுச் சமிக்ஞைகளைக் கல்லூரி மாணவர்களே கணினியில் கணக்கிட்டுப் பார்க்கலாம் என்று உங்கள் அறிவியல் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். அதற்கான மென்பொருள்களான கோபாசி, பெங்களூரில் உருவான மூஸ் இரண்டுமே இலவசம். சாதாரண லேப்டாப் போதும். ஆனால் செறிவை வைத்துச் சமன்பாடு எழுதுவதோடு கட்டுரை நின்றுவிட்டது. சறுக்கல் அதற்கப்புறம்தான்.

சினாப்ஸைத் தாங்கும் ஸ்பைன் என்ற நரம்புக் கிளைப் புடைப்பின் முனையின் கொள்ளளவு சுமார் 0.1 பெம்டோலிட்டர். ஓய்வு நிலையில் கால்சியத்தின் செறிவு ஏறத்தாழ 0.1 மைக்ரோமோலார். பெருக்கி எண்ணிக்கையாக்கினால், கட்டுப்படாமல் உலவும் அயனிகள் ஆறே ஆறு! கால்சியத்தைப் பிடிக்கும் புரதமான கால்மோடுலின் ஒன்று நிரம்பவே நான்கு வேண்டும். செறிவு என்பது சராசரிதான். கம்பம்மெட்டு ஏறும் ஏலத்தோட்ட ஜீப்புகளில் சராசரியாக எத்தனை பேர் என்பது கணக்குப்பிள்ளைக்கு உதவும். இந்த ஜீப்பில் இப்போது எத்தனை பேர் என்றால் தலையை எண்ணித்தான் ஆக வேண்டும். அப்படி எண்ணுவதற்கு இயற்பியலாளர் கில்லெஸ்பி 1977இல் எழுதிய முறை இருக்கிறது: அடுத்து எந்த வினை, எப்போது என்று ஒவ்வொரு முறையும் பகடை உருட்டுவது.

அந்த முறைக்கு மாறும்போது அலகில் கோட்டை விடுகிறார்கள். மேற்சொன்ன கொள்ளளவில் 1 மைக்ரோமோலார் என்றால் 60 மூலக்கூறு. ஆகவே இரு மூலக்கூறுகள் இணையும் வேக மாறிலியை 60ஆல் வகுக்க வேண்டும். பிரியும் மாறிலியைத் தொடவே கூடாது, அதில் கொள்ளளவுக்கு வேலையில்லை. இரண்டையும் வகுத்துவிட்டால் பிடிப்பு 60 மடங்கு இறுகி, எல்லாமே எப்போதும் ஒட்டிக்கொண்டிருப்பதாகக் காட்டும்.

இன்னொன்று, சுற்று. கால்மோடுலின் கால்சியத்தைப் பிடித்தபின் காம்கே-2 நொதியில் ஒட்டலாம். முதலில் ஒட்டிவிட்டு, பிறகும் கால்சியத்தைப் பிடிக்கலாம். எந்த வழியில் போனாலும் மொத்த ஆற்றல் மாற்றம் ஒன்றே. இரு வழிகளிலும் உள்ள நான்கு படிகளின் சமநிலை மாறிலிகளையும் நான்கு ஆய்வுத்தாள்களிலிருந்து அள்ளிப் போட்டால், மாதிரிக் கணக்கில் சும்மாவே ஆற்றல் உற்பத்தியாகும். மூன்றை எடுத்துக்கொண்டு நான்காவதைக் கணக்கிடுவதே முறை.

காம்கே-2இன் 12 துணையலகுகள் ஒன்றுக்கொன்று பாஸ்பேட் ஏற்றுவதால் அது அணையாத நினைவுச் சுவிட்ச் என்பது கட்டுரையின் வாதம். அதைச் சோதிக்க, பாஸ்பேட் இல்லாமல் ஒரு முறையும் முழுதாக ஏற்றி ஒரு முறையும் தொடங்கி, ஓய்வுக் கால்சியத்தில் நீண்ட நேரம் ஓடவிட வேண்டும். இரண்டும் வெவ்வேறு இடத்தில் நின்றால்தான் அது சுவிட்ச். ஆனால் 2009இல் ஒற்றை ஸ்பைன்களில் அளந்தபோது அந்த நொதியின் செயல்பாடு ஓரிரு நிமிடங்களில் இறங்கிவிட்டது. மாதிரியில் மட்டும் இறங்கவே இல்லையென்றால், முதலில் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியான பாஸ்பட்டேஸின் அளவைப் பாருங்கள்.

– வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்