மகமையை முதலில் எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலப் புத்தாண்டு, பொங்கல், சித்திரை என்று வருஷத்துக்கு மூன்று முறை உறுதிமொழிக் கட்டுரைகள் வந்துவிடுகின்றன. விடியற்காலை நாலரைக்கு எழு, ஐந்து வருஷ இலட்சியத்தை எழுதிச் சுவரில் ஒட்டு, தினமும் ஒரு மணி நேரம் உனக்காக ஒதுக்கு என்று எல்லாவற்றிலும் ஒரே பல்லவி. எழுதுகிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால் காலை ஒன்பதுக்குக் கடை திறந்து இரவு ஒன்பதுக்குச் சாத்துகிறவருக்கும், அடுப்படியையும் ஆபீசையும் சேர்த்து இழுக்கிற பெண்ணுக்கும் அதைப் படித்து முடிக்கும்போது மனசு உறுத்துவதைத் தவிர வேறொன்றும் மிஞ்சுவதில்லை.

செட்டிநாட்டில் இதற்கு வேறு வழி ஒன்று கைவசம் இருக்கிறது. கணக்கு வழி. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போனவர்களின் பேரேடுகளில் மகமை என்று ஓர் இனம் இருக்கும். கோயிலுக்கும் தர்மத்துக்கும் உரிய பங்கு அது. எல்லாச் செலவும் போக மிஞ்சினால் பார்க்கலாம் என்று விட்டு வைத்ததில்லை. வியாபாரம் நடக்க நடக்கவே சிறு பங்கு தனிக் கணக்கில் ஏறிவிடும். மிச்சத்தை நம்பியிருந்தால் இந்த வட்டாரத்தில் பாதி மண்டபங்கள் எழும்பியிருக்காது. சொந்த சந்தோஷத்துக்கும் சொந்த இலக்குக்கும் உரிய நேரத்தை நாம் மிச்சத்தில் தேடுகிறோம். அங்கேதான் பிசகு.

மகமை எடுக்குமுன் வரவு தெரிய வேண்டும். ஒரு வாரம் உங்கள் நேரத்துக்குச் சிட்டை, அதாவது அன்றாடக் குறிப்புக் கணக்கு, எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். வாரத்துக்கு 168 மணி, அதாவது 336 அரைமணி. ஒரு வரிக்கு ஓர் அரைமணி என்று வைத்து, என்ன செய்தோம் என்பதை இரண்டு சொல்லில் எழுதி, பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். செய்து முடித்ததும் மனசு தெம்பாக இருந்தால் கூட்டல், வற்றிப் போயிருந்தால் கழித்தல், ஒன்றுமில்லை என்றால் சுழி. காலைப் பலகாரம் முடிந்ததும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்குமுன் என்று மூன்று வேளை எழுதினால் போதும். கால்மணிக்கு ஒருமுறை எழுதப் போனால் மூன்றாம் நாள் நோட்டு பரணுக்குப் போய்விடும்.

சிட்டை கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். முதலாவது, ஏழு நாளையும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுவது. நினைவு எப்போதும் நமக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும். இரண்டாவது, கைபேசி பார்த்த நேரத்தை ‘ஓய்வு’ என்று எழுதுவது. கைபேசியே அந்தக் கணக்கை வைத்திருக்கிறது. அமைப்புகளுக்குள் போய், டிஜிட்டல் வெல்பீயிங் அல்லது ஸ்கிரீன் டைம் என்று இருப்பதைத் திறந்து, அதில் உள்ள எண்ணை அப்படியே எழுதுங்கள். மூன்றாவது, வாரத்தைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது. நம் பக்கம் முகூர்த்த மாதம் என்றால் வீட்டுக்கு ஒரு விசேஷம், அதற்கு முந்தின நாளும் மறுநாளும் சேர்ந்து போகும். படைப்பு, சாந்தி, புதுமை என்று குடும்ப விசேஷம் எதுவும் இல்லாத, பிள்ளைகளுக்குப் பரீட்சை இல்லாத, சப்பென்ற வாரமாகப் பாருங்கள்.

அடுத்தது ஐந்தொகை, அதாவது எது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்ற மொத்தக் கணக்கு. வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் வாரத்தை மாதிரிக்குப் போட்டுப் பார்ப்போம். தூக்கம் நாளுக்கு 7 மணி வீதம் 49. வேலையும் பஸ்ஸும் 54. குளியல், சாப்பாடு 14. வீட்டு வேலைக்கு என்ன போடுவது? மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிட்டார்கள். பெண்ணுக்கு அது வாரத்துக்கு 35 மணி. ஆக 152. கையில் 16 மணி. கடைகண்ணி, நல்லது கெட்டது, கோயில், கைபேசி எல்லாம் அந்தப் பதினாறுக்குள்தான். இவரிடம் போய் ‘தினமும் ஒரு மணி ஒதுக்கு’ என்றால், இருப்பதில் ஏழு மணியைக் கேட்கிறோம். நாலரைக்கு எழச் சொல்வது இன்னும் மோசம். அது தூக்கக் கணக்கில் கை வைப்பது. பெரியவர்களுக்கு ஏழு மணித் தூக்கமாவது வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. முதலைக் கரைத்து மகமை கொடுக்கிற கடை நிலைக்காது.

ஆகவே வாரத்துக்கு மூன்று அரைமணி மட்டும் எடுங்கள். 168இல் ஒன்றரை மணி, நூற்றுக்கு ஒன்றுகூட ஆகவில்லை. சிறிதாக இருக்கிறதே என்று கூட்டத் தோன்றும். முதல் மாதம் கூட்டாதீர்கள்.

அந்த நேரத்தில் எதைச் செய்வது என்று வெளியே தேட வேண்டியதில்லை, சிட்டையில் கூட்டல் விழுந்த வரிகளைப் பாருங்கள். பலருக்கும் அங்கே ஆச்சரியம் காத்திருக்கும். டிவி பார்த்த இரண்டு மணி சுழியாகவும், ஆயாவோடு திண்ணையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்த அரைமணி கூட்டலாகவும் இருக்கலாம். இளைப்பாறுவது வேறு, மனசு நிறைவது வேறு. இரண்டும் தேவைதான், ஆனால் ஒன்றின் பேரில் மற்றதைப் பற்று எழுதக் கூடாது. கைவேலை, நாலு பேரோடு பேச்சு, வெளிக்காற்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தேர்ச்சி கூடும் ஒரு வித்தை, இந்த நாலில் ஒன்று கலந்திருக்கும் வரிகளில்தான் கூட்டல் அதிகம் விழும்.

இன்னொன்று. கைமணம் உள்ளவர் சீப்புச் சீடை சுற்றினால் உடனே ‘ஆர்டர் எடுக்கலாமே ஆச்சி’ என்று சொல்கிற ஊர் இது. எடுக்கலாம், தப்பில்லை. எடுத்த நாளிலிருந்து அது வேலைப் பக்கத்துக்கு மாறிவிட்டது என்று தெரிந்து எடுக்க வேண்டும். மகமைக்கு வேறு ஒன்றைத் தேடியாக வேண்டும்.

இலக்குக்கு வருவோம். ‘எடையைக் குறைப்பேன்’, ‘ஓலைக் கூடையான கொட்டான் முடையக் கற்றுக்கொள்வேன்’ என்பவை ஆசைகள். எந்த நாள், எதற்குப் பிறகு, எந்த இடத்தில், எவ்வளவு என்ற நாலும் சேர்ந்தால்தான் இலக்கு. ‘செவ்வாய், வியாழன், சனி, சாயங்காலம் விளக்கேற்றியதும், செருப்பை மாட்டிக்கொண்டு ஊருணியைச் சுற்றி அரைமணி நடப்பேன்.’ இன்னது நடந்ததும் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போடுவதன் பலனை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை விரிவாகக் காட்டியது. முடிச்சுப் போடும் இடம் உறுதியாக இருப்பது முக்கியம். விளக்கேற்றுவது, சோறு வடிப்பது, கடைக் கதவைப் பூட்டுவது எல்லாம் உறுதியான முளைகள். ‘பிள்ளைகள் தூங்கியதும்’, ‘கூட்டம் குறைந்ததும்’ என்பவை ஆடுகிற முளைகள். அவற்றில் கட்டிய இலக்கு இரண்டாம் வாரமே அவிழ்ந்துவிடும்.

முன்தயாரிப்பும் அந்த அரைமணிக்குள் வரக் கூடாது. கொட்டானுக்குப் பனையோலையை முன்பே நனைத்துப் பதமாக்கி வைக்க வேண்டும். காய்ந்த ஓலையோடு உட்கார்ந்தால் மடக்கும் இடத்தில் ஒடியும், அன்றைய நேரம் ஓலையோடு மல்லுக்கட்டுவதிலேயே போகும், அடுத்த வாரம் உட்காரவே மனசு வராது. நடைக்குச் செருப்பு, பாட்டுக்குச் சுருதிப் பெட்டி, படிப்புக்குப் புத்தகம் எல்லாம் முந்தின இரவே கண்ணில் படும் இடத்துக்கு வந்துவிட வேண்டும். வீட்டு வளவின் மூலையில் பெட்டிக்குள் பூட்டி வைத்த வீணையை யாரும் வாசிக்கப் போவதில்லை.

கெட்ட நாளுக்கென்று ஒரு குறைந்த அளவையும் முன்பே எழுதி வையுங்கள். அரைமணி முடியாத நாளில் ஐந்து நிமிடம். ஐந்தும் முடியாவிட்டால் விட்டுவிட்டு, மறுநாள் இரட்டிப்பாக ஈடுகட்ட முயலாதீர்கள். பாக்கி ஏற ஏறத்தான் ஆள் கடையை விட்டு ஓடுவது.

எத்தனை நாளில் பழகும் என்ற கேள்வி எப்போதும் வரும். 21 நாள் என்று ஒரு கணக்கு ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. நமக்கு அந்த எண் பிள்ளையார் நோன்பில் பழக்கம்: திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக 21 இழை சேர்த்து, திரியாக்கி, மாவில் ஏற்றி இழை எடுத்துக்கொள்கிறோம். எண்ணி முடிக்க அது அருமையான முறை. நாளுக்கு ஒரு குறிதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் நோன்பு 21இல் முடிகிறது, பழக்கம் முடிவதில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் நிலைக்குச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் அதே ஆய்வு கண்டது. அவர்கள் பார்த்தது தினசரிச் செயல்களை. வாரம் மூன்று முறை செய்வதற்கு இன்னும் பொறுக்க வேண்டியிருக்கும்.

முடிக்கும் தேதி உள்ள இலக்கு என்றால், மனசு சொல்லும் நாளை ஒன்றரையால் பெருக்குங்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்தார்கள். ஆனது 55 நாள். சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. திட்டம் போடும்போது வேலையைத்தான் எண்ணுகிறோம். காய்ச்சலையும் கரண்ட் போவதையும் சொல்லாமல் வருகிற விருந்தாளியையும் யார் எண்ணுகிறார்கள்?

மாதக் கடைசியில் கால்மணி உட்கார்ந்து கணக்கை முடியுங்கள். எத்தனை அரைமணி ஏறியது, எத்தனை கூட்டல். பாதிக்குக் கீழே போயிருந்தால் மன உறுதியைக் குறை சொல்லாமல் முளையை மாற்றுங்கள். முளை மாற்றியும் மூன்று மாதம் நகராத இலக்கை வராக்கடனாகத் தள்ளுபடி செய்துவிடுங்கள். பத்து வருஷமாக மனசில் கிடக்கும் ‘இந்தி படிக்க வேண்டும்’, ‘குடும்ப வரலாறு எழுத வேண்டும்’ போன்றவை வட்டி கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு கோடு போட்டு அடித்த அன்று கிடைக்கிற நிம்மதியும் கூட்டல் குறிதான்.

வீட்டில் உள்ள மற்றவர்களைச் சேர்க்காமல் இது நடக்காது. 299க்கும் 97க்கும் இடையில் உள்ள பள்ளத்தை நோட்டால் தூர்க்க முடியாது. ஒத்தாசை செய்கிறேன் என்பதும் போதாது. ஒத்தாசைக்கு ஒவ்வொரு முறையும் ஒருவர் சொல்லித் தர வேண்டும், அதுவே ஒரு வேலை. ஒரு முழுப் பொறுப்பாகக் கைமாற்றுங்கள். இரவுப் பாத்திரம் என்றால் கழுவுவது மட்டுமல்ல, சோப்பு தீர்ந்ததை நினைவில் வைத்து வாங்குவது, மேடையைத் துடைப்பது எல்லாம் அதில் அடக்கம். முதல் இரண்டு வாரம் சுமாராகத்தான் இருக்கும். பின்னாலேயே போய் மறுபடி கழுவினால் பொறுப்பு திரும்பி வந்துவிடும்.

கணக்கால் தீராததும் உண்டு. இரண்டு வாரமாக எதிலுமே கூட்டல் விழவில்லை, பிடித்ததும் பிடிக்கவில்லை, தூக்கமோ பசியோ கெட்டிருக்கிறது என்றால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த உறுதிமொழிக் கட்டுரைக்குப் பதிலாக ஞாயிறு இணைப்பில் ஒரு வெற்றுச் சிட்டை அச்சிடுங்கள். ஏழு பத்தி, பத்திக்கு 48 வரி, ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் குறிக்கு ஒரு சிறு கட்டம். விளம்பரம் இல்லாத முழுப் பக்கம் வேண்டும். பின்பக்கம் மை ஊறாத தாளாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
கணக்கெழுத்து கற்றுத்தரும் வாசகர்கள்,
காரைக்குடி