அந்தக் கத்தியை வாங்கலாமா என்று கேட்ட மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ வாங்க நினைக்கும் பழைய மடிப்புக் கத்தியின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். "அம்மாவும் பிள்ளையும் கத்தியைப் பற்றியே பேசுங்கள்" என்று அப்பா முணுமுணுக்கிறார். அதை நாம் கண்டுகொள்ள வேண்டாம்.

முதலில் வடிவம். சந்தேகமே இல்லை, கன்ஸ்டாக்தான், அதாவது துப்பாக்கிக் கட்டை வடிவப் பிடி. ஒரு பக்கம் ஒல்லியாகத் தொடங்கி, மறுபக்கம் சரிந்து அகன்று, வேட்டைத் துப்பாக்கியைத் தோளில் அணைக்கும் கட்டை மாதிரியே இருக்கிறது. இந்த வடிவத்தால் ஒரு பழம்கூட நன்றாக நறுக்கப்படப் போவதில்லை. செய்தவன் தன் கைத்திறமையைக் காட்டச் செய்த கத்தி, எனக்குப் பிடிப்பதும் அதனால்தான். நேரான பிடி என்றால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். இதில் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு, முதுகு ஸ்பிரிங், வெளியே ஒட்டிய எலும்பு, முனையில் இருக்கும் போல்ஸ்டர் என்ற உலோகப் பூண் எல்லாமே ஒரே வளைவில் போக வேண்டும். படத்தில் முதுகுப் பக்கத்தைப் பார். ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியவில்லை. நல்ல கை.

இனி விற்பவர் சொல்வதற்கு வருவோம். "1880இல் ஷெஃபீல்டில் செய்தது" என்று எழுதியிருக்கிறார். ஷெஃபீல்டு கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து ஊர். பிளேடின் அடியில் உள்ள முத்திரையில் இங்கிலாந்து என்ற பெயரும் இருப்பதை அவர் கவனிக்கவில்லை போலிருக்கிறது. 1890இல் அமெரிக்கா மெக்கின்லி சட்டம் என்ற இறக்குமதி வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பின்னாளில் ஜனாதிபதியான அதே வில்லியம் மெக்கின்லிதான். அமெரிக்காவுக்கு வரும் வெளிநாட்டுச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று பொறிக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி, 1891லிருந்து நடைமுறைக்கு வந்தது. அதனால் நாட்டின் பெயர் பொறித்த ஷெஃபீல்டு கத்தி பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்ததுதான். இருபதாம் நூற்றாண்டாகக்கூட இருக்கலாம். 1880க்கான விலையை நீ கொடுக்கத் தேவையில்லை.

அதே சட்டம் கத்திகளுக்கான வரியையும் ஏற்றிவிட்டது. ஷெஃபீல்டுக்கு அது பெரிய அடி. நம் பென்சில்வேனியாப் பக்கத்துத் தொழிலுக்கோ அதுவே நல்ல காலம். இங்கே பிராட்ஃபோர்டு ஊருக்கு 1905இல் வந்த கேஸ் என்ற கத்திக் கம்பெனி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது அங்கே உள்ள ஸிப்போ லைட்டர், கேஸ் கத்தி மியூசியத்துக்குப் போவோம், நீ சின்ன வயதில் தூங்கிக்கொண்டே பார்த்த இடம்தான். கேஸ் கத்தியாக இருந்தால் வயது கண்டுபிடிக்க இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். 1970இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளி வைத்தார்கள், வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஏழு புள்ளி என்றால் 1973. இப்படி ஒரு நல்ல பழக்கம் ஷெஃபீல்டுக்காரர்களுக்கு இல்லாமல் போயிற்று.

அடுத்தது பிடி. "மான் கொம்பு" என்கிறார். மான் கொம்பு இல்லை, மாட்டெலும்பு. அந்தக் கோடுகளைப் பார், ஒரே அளவில், ஒரே இடைவெளியில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடுகின்றன. மாட்டின் கால் எலும்பை எடுத்து, கொம்பு மாதிரித் தெரிய மெஷினில் கீறி, சாயம் ஏற்றுவார்கள். நிஜக் கொம்பில் ஒரு பக்கத்து மேடு மறுபக்கத்தில் இருக்காது. அந்தக் காலத்து நல்ல கத்திகளுக்குப் போன கொம்பில் நிறைய நம் இந்தியக் காட்டுக் கடமானுடையது. மான் தானாக உதிர்த்த கொம்பைப் பொறுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள். 1990களின் கடைசியில் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்தியபின் கொம்புப் பிடிக்கு விலை ஏறிவிட்டது. விற்பவர் எலும்பைக் கொம்பு என்று சொல்வதற்குக் காரணம் உனக்கே புரியும். எலும்பு மட்டம் என்று நான் சொல்லவில்லை. பல வருஷம் கை பட்டுத் தேய்ந்த எலும்பின் நிறம் எனக்குக் கொம்பைவிடப் பிடிக்கும்.

என்னை யோசிக்க வைப்பது பிளேடுதான். பாட்டி வீட்டு அரிவாள்மணை தீட்டித் தீட்டி நடுவில் குழிந்து போயிருந்தது நினைவிருக்கிறதா? இதிலும் பெரிய பிளேடு அப்படித்தான். அடியில், தீட்டாத இடத்துக்கும் தீட்டிய இடத்துக்கும் நடுவே ஒரு படி தெரிகிறது. அந்தப் படி எவ்வளவு உயரமோ அவ்வளவு எஃகு போய்விட்டது. சின்ன பிளேடு பரவாயில்லை, அதை யாரும் அதிகம் தொடவில்லை. இன்னொன்று, பிளேடு மேல் பகுதி கண்ணாடி போலப் பளபளக்கிறது. பழைய கார்பன் எஃகு சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். யாரோ விற்பதற்காக பாலிஷ் மெஷினில் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். முத்திரையின் ஓரங்கள் மழுங்கியிருப்பதும் அதனால்தான். தயவுசெய்து நீ அந்த வேலையைச் செய்துவிடாதே. சிவப்புத் துரு தெரிந்தால் மருந்துக்கடையில் விற்கும் மினரல் ஆயில் இரண்டு சொட்டு, ஒரு துணி, போதும்.

நடுவில் ஒன்று. போன வருஷம் வாங்கினாயே, மஞ்சள் பிடி வைத்த கத்தி, அந்தப் பிடி செல்லுலாய்டு என்ற பழைய காலத்துப் பிளாஸ்டிக். அதை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதே. பழைய செல்லுலாய்டு சிதைய ஆரம்பித்தால் அமில ஆவி விடும், பக்கத்துக் கத்தியெல்லாம் துருப்பிடிக்கும். பெட்டியைத் திறந்ததும் புளித்த வாடையோ கற்பூர வாடையோ அடித்தாலும், ஆணிகளைச் சுற்றிப் பச்சை படிந்தாலும் உடனே வெளியே எடு. தீயும் சட்டென்று பிடிக்கும், அடுப்பு இருக்கும் பக்கம் வேண்டாம். தோல் உறையிலும் எதையும் போட்டு வைக்காதே, தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சரி, வாங்கலாமா? அவர் கேட்கும் விலைக்கு வேண்டாம். பாதிக்குக் கொடுத்தால் வாங்கு. அதற்கு முன்னால் இரண்டு படம் கேள். மூடிய நிலையில் பிளேடு முனை உள்ளே அடங்குகிறதா என்று ஒன்று, பாதி திறந்து மேலே இருந்து எடுத்தது ஒன்று, பிளேடு சாய்ந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். திறக்கும்போது ஸ்பிரிங் "டக்" என்று நிற்கிறதா என்றும் கேள். படம் தர மாட்டேன் என்றால் விட்டுவிடு. கன்ஸ்டாக் இன்னும் எத்தனையோ வரும்.

தீபாவளிக்கு வரும்போது கத்தியை மறக்காமல் செக்-இன் பெட்டியில் போடு. கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

அன்புடன்,
அம்மா