முதலில் உதிர்வது ‘ங்க’

ஆசிரியருக்கு வணக்கம்.

பனியன் கம்பெனிகளில் ஆள் நிற்பதில்லை என்று திருப்பூரில் பேசாத நாள் இல்லை. கூலி, வாடகை, ஊருக்குப் போய்வரும் செலவு என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. தையல் மெஷின்கள் வரிசையாக நிற்கும் லைனில் எல்லார் முன்னாலும் வாங்கும் ஏச்சை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சூப்பர்வைசர்களில் பலர் கைவேகமுள்ள டெய்லராக இருந்து மேலே வந்தவர்கள். ஓவர்லாக், பேட்லாக் என்ற தையல் மெஷின்கள் அவர்களுக்கு அத்துப்படி. கோபம் வந்தால் என்ன செய்வது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கோபத்தின் வரவை நம் ஊர்ப் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும். காலையில் ‘அக்கா, அந்த பண்டலை எடுத்துக்கறீங்களா’ என்றவர், மாலை டீக்கு முன் ‘எடு’ என்கிறார். முதலில் உதிர்வது ‘ங்க’. அது உதிர்ந்துவிட்டால் அடுத்து வருவது ஏச்சுதான். எனவே சூப்பர்வைசர் தன் வாயில் ‘ங்க’ விழுந்த இடத்திலேயே பேச்சை நிறுத்தப் பழக வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டு, கட்டிங் மேசை வரை நடந்து வரலாம். நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். பத்து மூச்சுக்கு 100 விநாடி ஆகும். ஷிப்மெண்ட் நாளிலும் அதற்கு நேரம் உண்டு.

பிறகு குறையைப் பார்க்கலாம். ஆளைப் பார்க்கும் முன் மெஷினைப் பார்ப்பதே முறை. தையல் விட்டுப்போனால் ஊசி வளைந்திருக்கலாம், அடியில் நூலைக் கோக்கும் லூப்பரின் டைமிங் தவறியிருக்கலாம், நூல் டென்ஷன் கூடியிருக்கலாம். எண்ணெய்க் கறை என்றால் மெஷினில் கசிவு இருக்கிறதா என்று மெக்கானிக் பார்க்க வேண்டும். அளவு குறைந்தால், கட்டிங்கிலேயே குறைந்து வந்ததா என்று இன்னும் தைக்காத பண்டல்களை அளக்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் தைத்தவரிடம் போக வேண்டும். பின்னாலிருந்து தோளைத் தட்டிக் கூப்பிடவே கூடாது. ஓவர்லாக் நிமிடத்துக்கு 5,000 தையலுக்கு மேலும் ஓடக்கூடியது. திடுக்கிட்டால் ஊசி விரலில் ஏறும். பக்கவாட்டில் வந்து, அவர் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகு, குனிந்து தணிந்த குரலில் பேச வேண்டும். எந்தப் பீஸ், என்ன குறை, இனி எப்படி என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘ஆறு பீஸ்ல கழுத்துப் பட்டி இழுத்திருக்குதுங்க அக்கா, இந்த பண்டல்ல கொஞ்சம் தளர்த்திப் புடிச்சுத் தைங்க’ என்றால் வேலை நடக்கும். ‘உனக்கு எத்தனை தடவை சொல்றது’ என்றால் கை நடுங்கும், அடுத்த பண்டலிலும் ஆல்டர், அதாவது திருத்தித் தைக்க வேண்டிய பீஸ், வரும்.

ஒடியாவும் இந்தியும் பேசுகிறவர்களுக்கு நம் வார்த்தை புரியாது, குரல்தான் புரியும். தூரத்திலிருந்து சத்தமாகச் சொன்ன வேலை விவரமும் அவர்கள் காதில் திட்டாகவே விழும். சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்குடோன்களில் தமிழர்களுக்கே இந்தக் கதிதான். தறிச் சத்தத்தில் நல்லதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆளை வெளியே கூப்பிட்டுப் பேசுவது ஒன்றே வழி. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் பேர் சொல்லித் திட்டும் புதுப் பழக்கத்தையும் முதலாளிகள் அடியோடு நிறுத்த வேண்டும்.

அழுகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்குப் பத்து நிமிடம் எழுந்து போனால் அந்தப் பத்து நிமிடக் கூலி போகும். அதனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தைக்கிறார். கலங்கிய கண்ணோடு தைத்தால் துணி கோணும், கையும் ஊசிக்கடியில் போகும். மெஷினை அணைத்துவிட்டு, அவருக்கு வேண்டிய ஒருவரோடு 15 நிமிடம் வெளியே உட்கார விட வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. என்ன ஏது என்று லைனில் வைத்து விசாரிக்கவும் கூடாது. ‘இடைவேளையில பேசலாமுங்களா’ என்று கேட்டால் போதும். அவர் பேச விரும்பாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

ஏற்றுமதி கம்பெனிகளில் ஊசி உடைந்தால் துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். லைனில் வாக்குவாதம் நடந்தாலும் அப்படி ஒரு பதிவு வேண்டும். பேர் எழுத வேண்டாம். தேதி, நேரம், பிரிவு, எதில் தொடங்கியது என்று நாலு கட்டம் போதும். ஒரு மாதம் எழுதிப் பார்த்தால், சாப்பாட்டுக்கு முந்தைய பசி நேரமா, அரை ஷிப்ட் நீளும் ராத்திரிகளா, கட்டிங் வராமல் லைன் காத்துக் கிடந்த நாட்களா என்பது பிடிபடும். கட்டிங் தாமதம்தான் காரணம் என்றால் சூப்பர்வைசரை மூச்சு எண்ணச் சொல்லிப் பயனில்லை. கட்டிங்கை முந்தின நாளே முடிக்க வேண்டும்.

கூலி பாக்கியையும் பாலியல் தொல்லையையும் ‘மனசை அடக்கு’ என்று மூடுவது அநியாயம். அந்தக் கோபம் நியாயமானது, அது போக வேண்டிய இடம் புகார்க் குழு. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். 10 பேருக்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. மற்ற குறைகளுக்கு, 20 தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் இரு தரப்பிலும் சம எண்ணிக்கையில் ஆட்கள் கொண்ட குறைதீர்ப்புக் குழு அமைக்கப்பட வேண்டும். உங்கள் கம்பெனியில் அந்தக் குழுக்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று செக்கிங், கைமடி வேலை செய்யும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குத் தெரியவில்லை என்றால் குழு காகிதத்தில்தான் இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டவரையும், செத்துப்போகலாமா என்று ஒருமுறை சொன்னவரையும், லைனில் வைத்துத் தேற்ற முடியாது. அவரைத் தனியே விடாமல் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலிமனாஸின் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

சூப்பர்வைசர் ஆக்கும் முன் ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரமாவது இந்தப் பயிற்சியைத் தர, திருப்பூர், கோவை, ஈரோடு, கரூர் பகுதித் தொழில் அமைப்புகள் முன்வர வேண்டும். அதுவரை காத்திருக்காமல், 14416 என்ற எண்ணைத் தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் எழுதி, கேண்டீனிலும் விடுதிப் படிக்கட்டிலும் நாளைக்கே ஒட்டிவிடலாம்.

பணியாளர் நலப் பிரிவில் பணிபுரியும் வாசகர்,
அவிநாசி